இடைத்தரப் படமும் வாடகை டெக்கும்

நம்முடைய திரைப்படத் திறனாய்வுகள் பெரும்பாலும் இரு முனைகளில் நின்றே பேசுகின்றன. ஒரு படத்தைக் கலையின் சிகரம் என்று கொண்டாடுவார்கள். இல்லையேல் சமுதாயத்தைக் கெடுக்க வந்த நச்சு என்று சாடுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெருங்கூட்டத்தை, அதாவது பார்த்தால் பழுதில்லை, பாராவிட்டால் இழப்பில்லை என்னும் வகைப் படங்களை, எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால், நம் வீடுகளுக்குள் மிகுதியாக நுழைந்தவை அவையே. அவை நுழைந்த வழி வாடகை டெக்.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். ஒளிநாடாவை 1976-இல் அறிமுகம் செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது தமிழகத்துச் சிற்றூர்களையும் எட்டிவிட்டது. டெக்கைச் சொந்தமாக வாங்க வசதி படைத்தோர் சிலரே. மற்றவர்கள் சனிக்கிழமை மாலை கடைக்குச் சென்று ஓர் இரவுக்கு வாடகை பேசுவார்கள். தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடானால் அதையும் சேர்த்து. மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பையன் வருவான். ஒயர்களைப் பொருத்தி, கோடுகள் மறைந்து படம் தெளியும்வரை திருகிவிட்டுப் போவான். மூன்று படங்கள், சில வேளைகளில் நான்கு. மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே, கொடுத்த காசு வீணாகாதிருக்க விடியும்வரை விழித்திருந்தார்கள். எந்தத் தெருவில் டெக் ஓடியது என்பதை, ஞாயிறு முதல் திருப்பலியில் மறையுரையின்போது சாய்ந்து விழும் தலைகளைக் கொண்டே பங்குத்தந்தையர் அறிந்துகொண்டனர்!

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் வீட்டாருக்கு இருந்த உரிமை மிகச் சிறிது. புதிய வெற்றிப்படத்தை வேறொருவர் எடுத்துச் சென்றிருப்பார். மிஞ்சியதிலிருந்து பாட்டிக்கு ஒரு பழைய படம், இளைஞர்களுக்கு ஒரு சண்டைப்படம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குடும்பப்படம் என்று கடைக்காரரே அடுக்கித் தந்துவிடுவார். அந்தப் பொதுப்படமே இங்கே என் பொருள்.

எடுத்துக்காட்டாக, ஏவி.எம். தயாரித்து, விசு எழுதி இயக்கி நடித்து 1986-இல் வெளிவந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தைக் கொள்வோம். மக்களுக்கு நல்ல பொழுதுபோக்கு அளித்த படம் என்னும் பிரிவில் அவ்வாண்டின் தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்ற படம் அது. அதனை இடைத்தரம் என்பதா என்று சினம் கொள்ளும் வாசகர் இருப்பர். விருதுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. திரைக்கலை என்ற அளவில் பார்த்தால் அது வீட்டுக் கூடத்தில் அரங்கேறிய மேடை நாடகம். விசுவே நாடக மேடையிலிருந்து வந்தவர். பாத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒருவர் முடித்ததும் மற்றவர் பேசுகிறார், எல்லார் வாயிலும் விசுவின் சொல்லடுக்கே புரள்கிறது. கேமரா கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால், இதே படத்தை அந்த வாடகை இரவில் வைத்துப் பாருங்கள். பழைய ஒளிநாடாவில் படத்தின் நுட்பம் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகளுக்கு மேல் தேறாது. கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் நகலின் நகல். ஒவ்வொரு நகலிலும் முகங்கள் மேலும் கரைந்துபோகும். சினிமாஸ்கோப் படமாயின் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டுவிடும். இந்தத் திரையில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) என்னவாகும்? புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவிய அப்படம், சொல்லாமல் விடுவதாலேயே உயர்ந்தது. அசோக்குமாரின் ஒளிப்பதிவில் ஆற்றங்கரையும் குழந்தைகளின் முகங்களும் பேசுகின்றன. நகலின் நகலில் அந்தப் பேச்சு கேட்காது. பத்துப் பதினைந்து பேர் நெருக்கியமர்ந்து, கைக்குழந்தை அழ, வாசலில் ஒருவர் வந்து விசாரிக்கும் சூழலில் மௌனத்திற்கு இடமேது? விசுவின் படமோ எதையும் இழக்கவில்லை. எல்லாமே வாய்விட்டுச் சொல்லப்படுவதால், அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த பெண்ணும் காதாலேயே கதையைப் பின்தொடர்ந்தாள். திரையரங்கில் குறையாக நின்றது வீட்டில் உதவியாகிவிட்டது. (அந்தப் பெண் ஏன் ஒவ்வொரு படத்திலும் பாதியை அடுப்படியிலிருந்தே கேட்க நேர்ந்தது என்று எவரும் கேட்கவில்லை; அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.)

இன்னொன்றும் உண்டு. உயர்ந்த படம் முடிந்ததும் நாம் வாயடைத்துப் போகிறோம். கீழ்த்தரமான படம் முடிந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசுகிறோம். இடைத்தரப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச இடம் தருகிறது. மூத்த மகன் சிதம்பரம் வீட்டுச் செலவுக்குத் தரும் பணத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்கும்போது, பார்க்கும் வீட்டிலும் ஓர் அண்ணன் நெளிகிறான். அம்மையப்ப முதலியார் வீட்டின் குறுக்கே கோடு விழும்போது, கூட்டத்தில் இருந்த மாமியார் ஒரு கருத்துச் சொல்வார். மருமகள் அதற்கு மறுமொழி சொல்லாமல் பாத்திரத்தை ஓசையுடன் வைப்பாள். அவ்வீட்டு மகள் சரோஜினி, பெர்னாண்டஸ் குடும்பத்துக் கிறிஸ்தவப் பையனை மணக்கிறாள். நம் வீடுகளில் அந்தக் கட்டம் வந்தபோது யார் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களின் நினைவுக்கே விட்டுவிடுகிறேன். மேடையில் நின்று எந்தக் குருவும் எழுப்ப இயலாத பேச்சு அது.

இதனால் வாடகை டெக்கின் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கடைகளில் பாதி நாடாக்கள் திருட்டு நகல்கள். அதனைத் தடுக்கவே 1984-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது, திருட்டோ நிற்கவில்லை. குழந்தைகள் உறங்கிய பின் இரண்டு மணிக்கு மேல் சில வீடுகளில் ஓடியவற்றைப் பற்றி எழுதவும் விருப்பமில்லை. மேலும், இடைத்தரத்தையே ஊட்டி வளர்த்த சுவை, பிறகு வேறெதையும் கேட்காமல் போகும் என்னும் குற்றச்சாட்டு வலுவானது. அதற்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 1995-இல் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டது. சமயம், மதிப்பீடுகள், கலை என மூன்று பகுப்புகள். நடுநிலையோடு பார்த்தால், கலைப் பகுப்பில் 'தி விசார்ட் ஆப் ஆஸ்', 'தி லாவெண்டர் ஹில் மாப்' போன்ற சிரிப்பும் கற்பனையுமான படங்களும் இருந்தன. எளிய பொழுதுபோக்கை அப்பட்டியல் இழிவாகக் கருதவில்லை; ஆனால் அதையும் நேர்த்தியாகச் செய் என்றது. இந்த அளவுகோலில் விசுவின் படம் தேறாது என்றே எண்ணுகிறேன்.

எனினும், அதன் முடிவு மட்டும் இடைத்தரமன்று. பிரிந்த குடும்பத்தைத் தன் சாதுரியத்தால் மீண்டும் இணைக்கும் மூத்த மருமகள் உமா, எல்லாரும் கண்ணீரும் சிரிப்புமாய்க் கூடி நிற்கையில், தானும் கணவனும் தனியாகவே வாழப்போவதாகச் சொல்கிறாள். பகையினாலன்று, உறவு கெடாதிருக்கவே சற்று விலகி இருப்போம் என்கிறாள். கூட்டுக்குடும்பத்தின் புகழ் பாடி முடிந்திருக்க வேண்டிய படம், நடிகை லட்சுமியின் அமைதியான குரலில், தான் அதுவரை கட்டியதையே கேள்விக்குள்ளாக்குகிறது. இரண்டு மணி நேரம் நாடகத்தனமாகப் பேசிய படம் இந்த ஓர் இடத்தில் உண்மையைப் பேசிவிட்டது. சுற்றியமர்ந்திருந்த மாமியார்களும் மருமகள்களும் அந்த இடத்தில் அமைதியானார்கள்.

அந்த டெக் இன்று இல்லை. செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் ஊர்தோறும் கேபிளும் குறுந்தகடும் அடுத்தடுத்து வந்து வாடகைக் கடைகளை மூடின. 2016 ஜூலையில் ஜப்பானின் பூனாய் நிறுவனம் தன் கடைசி டெக்கைச் செய்து நிறுத்திக்கொண்டது. இப்போது சனிக்கிழமை இரவில் வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு கைப்பேசிகளில் நான்கு படங்கள். பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, யாருடைய விருப்பத்திற்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை. 'சம்சாரம் அது மின்சாரம்' இன்றும் அந்தச் சிறு திரைகளில் சுற்றி வருகிறது, பெரும்பாலும் துண்டு துண்டாக. மனோரமாவின் நகைச்சுவை ஒரு துண்டு, கோடு கிழிக்கும் சண்டை ஒரு துண்டு. உமாவின் முடிவு நெஞ்சில் தைக்க வேண்டுமானால், அதற்கு முன்னுள்ள இரண்டு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.