கதைத்ததும் எழுதியதும்

அண்மையில் வெளிவந்த விமர்சன நூலொன்றைப் புரட்டியபோது, என் வாய்ச்சொல் ஒன்று மேற்கோள் குறிகளுக்குள் கிடந்தது. எங்கள் ஊர் வாசிகசாலையில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதைத்த ஒரு மாலையில், மூத்த கவிஞர் ஒருவரைப் பற்றி நான் சொன்னது. சொன்னேன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து அவரது கவிதையின் பலத்தைப் பற்றிச் சொன்ன பாதி நூலில் இல்லை. இப்போது அந்தக் கவிஞர் என் ஸலாத்துக்கு வாயளவில்தான் பதில் சொல்கிறார்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தை மட்டுமன்றி உரை, விரிவுரை, சமயப் பிரசங்கம் போன்ற வாய்மொழி ஆக்கங்களையும் பாதுகாக்கிறது. அதே சட்டம் விமர்சனம், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாளவும் இடமளிக்கிறது. எனவே நூலாசிரியர் மீது சட்டப்படி குற்றம் காண்பது கடினம். அந்தச் சலுகை இல்லையேல் விமர்சனமே இல்லை. அச்சேறிய என் கட்டுரைகளை எவரும் கிழித்துப் போடட்டும், என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

அச்சுக்கென்று சொல்லாத சொல்லின் கதை வேறு. தமது கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரிக்கு எதிராக ஆங்கிலக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் தொடுத்த வழக்கில், 1741இல் ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். கடிதத்தைப் பெற்றவருக்குக் காகிதம் மட்டுமே சொந்தம், அதை உலகுக்கு வெளியிடும் உரிமை அவருக்கில்லை என்பது அதன் சாரம். அதனால் போப் எழுதிய கடிதங்களுக்குத்தான் தடை கிடைத்தது. ஜொனதன் ஸ்விஃப்ட் அவருக்கு எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை. (போப்பும் இலேசுப்பட்டவரல்லர். 1735இல் இதே கர்லிடம் தம் கடிதங்கள் சேர இரகசியமாக வழிசெய்தவர் அவரேதான்.)

யாரிடமிருந்து யார் கேட்டார், அவரது ஞாபகசக்தி எப்படி என்றெல்லாம் துருவிய ஹதீஸ் கலையைப் பெருமையாகப் பேசுகிறோம். எமது விமர்சகர்களோ "நண்பரொருவர் சொன்னார்" என்று காரியத்தை முடித்துவிடுகிறார்கள். பெயரைப் போட்டால் சொன்னவருக்குச் சங்கடம், போடாவிட்டால் அவர் கருத்து எழுதியவரின் சொத்தாகிவிடும். எழுதியதை அச்சுக்கு அனுப்பு முன் அவரிடம் ஒருமுறை காட்டினால் என்ன?

என் கையும் சுத்தமில்லை. பல வருடங்களுக்கு முன் நாட்டார் கவி பற்றிய கட்டுரையொன்றில், எங்களூர் மூதாட்டி ஒருவர் திண்ணையிலிருந்து கதைத்தவற்றைப் பெயரின்றிச் சேர்த்திருந்தேன். அவர் மௌத்தாகிவிட்டார். சென்ற மாதம் கட்டுரையை அவரது மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாக வாசித்து முடித்தவர் சொன்னார்:

"இது உம்மாட கதை மாதிரி இல்லையே, சேர்."