வாளேந்திய கை

சிலம்பில் கோவலன்மேல் வாள் வீசியவன் கல்லாத குடியன் ஒருவன். பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் துறக்கிறான், மதுரை எரிகிறது. வாள் வீசியவன் என்ன ஆனான்? இளங்கோவடிகள் அவனுக்குப் பெயரும் வழங்கவில்லை. தனி வழக்கும் வைக்கவில்லை.

ஏவியவன் பொறுப்பேற்றால் ஏவப்பட்டவன் கை தூய்மையாகிவிடுமா? இவ்வினாவை எழுப்பும் நூல், பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஹாட்ஸ்ஃபெல்ட் 2003-இல் வெளியிட்ட 'வெட்டுக்கத்திகளின் பருவம்'. 1994-இல் ருவாண்டாவின் ந்யாமாட்டா வட்டாரத்தில், ஏப்ரல் 11 முதல் மே 14 வரை, ஏறத்தாழ 59,000 துட்சிகளுள் 50,000 பேர் வெட்டுண்டு மடிந்தனர். வெட்டியவர்களிற் பெரும்பாலோர் பக்கத்து வீட்டு உழவர்கள். அதிகாரிகளும் இன்டரஹாம்வே படைக்குழுத் தலைவர்களும் ஏவ, வயலுக்குச் செல்வதுபோற் காலையிற் சென்று மாலையில் மீண்டனர். அவர்களுள் நண்பர்களாய் இருந்த பத்துப் பேரை ரிலிமா சிறையிற் கண்டு ஆசிரியர் பேசவைக்கிறார்.

கொலையை அவர்கள் 'வேலை' என்கின்றனர். அதனினும் அஞ்சத்தக்கது, தன் செயலைச் சொல்ல வருமிடத்தில் 'நான்' நழுவிப் பன்மைக்குள் ஒளிவது. இதனைத் தமிழில் பெயர்ப்பவர் திகைத்து நிற்பார். 'நாங்கள்' என்றால் கேட்பவன் தப்பினான். 'நாம்' என்றாலோ அவனும் உடன்வந்தவனாகிறான். பிரெஞ்சு மொழிக்கு இச்சங்கடம் இல்லை.

அப்பன்மையை உடைப்பதே நீதிமன்றத்தின் தொழில். அருஷாவிலிருந்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் குற்றஞ்சாட்டியது 93 பேரையே. அமைச்சர், படைத்தலைவர் போன்றோரே அதன் நோக்கு. சிறைகளிலோ நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். எனவே புல்லின் பெயர்கொண்ட 'கச்சாச்சா' ஊர்மன்றுகள் எழுந்தன. 2012-இல் அவை முடிவுறுமுன் ஏறத்தாழ 19 லட்சம் வழக்குகளைத் தீர்த்தன. ஊரார் தேர்ந்தவரே நடுவர், வழக்குரைஞர் இல்லை. ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை குறையும். ஆனால் யாரை, எங்கே, எவ்வாறு கொன்றான், உடலை எங்கே எறிந்தான் என்றெல்லாம் அவன் சொல்லியாக வேண்டும். உடலைத் தேடும் தாய்க்கு அச்சொல்லன்றி வேறு வழியில்லை. வென்ற படையினரின் குற்றங்கள் அம்மன்றுகளுக்கு வரவேயில்லை என்பது பெருங்குறை.

நூலின் குறை வேறு. ஆசிரியர் வாக்குமூலங்களைப் பொருள்வாரியாகப் பகுத்து, ஒவ்வோர் இயலிலும் பல குரல்களை அடுக்கியுள்ளார். பெயர்கள் உள்ளன, எனினும் படிக்கப் படிக்க எவன் சொன்னது எது என்பது மறந்து ஒரே கூட்டொலி எஞ்சுகிறது. மன்று பிரிக்க வேண்டிய குரல்களை நூல் ஒன்றாக்கிவிடுகிறது. உயிர்தப்பிய 14 பேரைப் பற்றி 2000-இல் அவரே எழுதிய முன்னூலில், ஒவ்வொருவர்க்கும் தனி இயல் தந்திருந்தார். முதலில் அதனைப் படித்துவிட்டே இதனைத் தொடவேண்டும்.