இன்க்ஸ்கேப்: கேட்ட அளவு தாளில் வர

தாம்பூலப் பைக்கு டேக், வளைகாப்பு ஆல்பத்துக்குப் பூ ஓரம், பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்குப் படம் என்று வீட்டிலேயே செய்ய உட்காருகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை அளவுதான். திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் மங்கும், 5 செ.மீ. வேண்டுமென்றால் நாலரைதான் வரும். இந்த இரண்டையும் சரிசெய்கிறது இன்க்ஸ்கேப். 2003-இல் தொடங்கிய இந்த வரைகலை மென்பொருள் முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எங்கள் ராசிபுரம் பட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் சேலைக்கரை மாங்காய் ஒன்றைப் படமெடுத்து இதில் சோதித்தேன். புகைப்படம் புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் உடையும். 'ட்ரேஸ் பிட்மேப்' அதைக் கோடுகளாக மாற்றிவிடுகிறது. பிறகு டேக் அளவுக்குச் சுருக்கினாலும் சார்ட் அளவுக்கு விரித்தாலும் விளிம்பு கூர்மையாகவே நிற்கிறது. ஜரிகையில் வெளிச்சம் மின்னிய இடங்களில் மட்டும் வடிவத்தில் ஓட்டை விழுந்தது. நிழலில் வைத்து எடுத்த படத்தில் அந்தக் குறை இல்லை.

மேல்பட்டையில் அலகை மி.மீ. என்று மாற்றி, அகல உயரத்துக்கு நடுவிலுள்ள பூட்டைப் போட்டு, எண்ணைத் தட்டினால் போதும், வடிவம் கோணாது. 5-க்கு 8 செ.மீ. டேக் ஒரு ஏ4 தாளில் 12 அடங்கும். 'க்ளோன்' முறையில் அடுக்கினால் மூலத்தின் நிறத்தை மாற்றியதும் அத்தனையும் மாறிவிடும். யூனிகோட் தமிழ் எழுத்தும் உடையாமல் வருகிறது. கடையில் அச்சடிக்கக் கொடுப்பதாக இருந்தால், எழுத்தை 'ஆப்ஜெக்ட் டு பாத்' மூலம் வடிவமாக்கிவிடுங்கள். அவர்களிடம் அதே ஃபான்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

ஆல்பத்துக்கான புகைப்படங்களைக் கோடாக்குவது சரிவராது. அங்கே கணக்கு வேறு: தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 800 புள்ளி அகலமுள்ள படம் 7 செ.மீ.கூடத் தாங்காது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் புள்ளிகள் குறைந்துவிடும்; அதனால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பி.டி.எஃப். ஆகச் சேமித்து, அச்சிடும்போது 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுப்பது மிக முக்கியம். 'ஃபிட்' என்று விட்டால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். இங்க்ஜெட்டில் எடுத்ததை ஒட்டத் தண்ணீர்ப் பசை வேண்டாம், மை கசியலாம். இருபக்க டேப் நல்லது.

குறைகளும் உண்டு. நுணுக்கமான படத்தை ட்ரேஸ் செய்தால் பழைய கணினி திணறுகிறது. திரையில் கண்ட அரக்குச் சிவப்பு தாளில் அப்படியே வருவதில்லை. முழுத் தாளையும் அடிக்கும் முன் ஒரு சின்னத் துண்டில் பார்த்துவிட வேண்டும். கைபேசியிலேயே எல்லாம் முடிப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கணினி இருந்து, பழக ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர்கள் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம். நம் கரையும் கோலமும் நாம் கேட்ட அளவில் அச்சாக, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையே இல்லை.