அடங்காத பையன்கள் போய்ச் சேர்ந்த இடம்

1970களின் முற்பகுதி. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு தொழில் நகரம். ஆய்வாளர் பால் வில்லிஸ் அதற்குச் சூட்டிய புனைபெயர் ஹேமர்டவுன். அங்கே பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டுகளில் இருந்த பன்னிரண்டு பையன்களோடு அவர் திரிந்தார். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், படிப்பில் நாட்டமில்லாதவர்கள். வகுப்பில் சேட்டை, வாத்தியார் முதுகுக்குப் பின்னால் கிண்டல், பள்ளி வாசலில் சிகரெட். சொன்னதைக் கேட்டு ஒழுங்காகப் படிக்கிற பையன்களைக் கண்டால் அவர்களுக்கு இளக்காரம். வேலைக்குப் போன முதல் மாதங்கள் வரை வில்லிஸ் அவர்களைப் பின்தொடர்ந்தார். அந்த ஆய்வைச் சொல்லும் அவருடைய நூல் ‘லேர்னிங் டு லேபர்’ 1977இல் வெளிவந்தது.

அந்தப் பையன்களை வில்லிஸ் முட்டாள்கள் என்று எழுதவில்லை. சான்றிதழ் ஒருவனை மேலே தூக்கலாம், ஒரு வர்க்கத்தையே தூக்காது என்பதை அவர்கள் வாத்தியார்களைவிடத் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள் என்றார். பார்த்தும் என்ன? உடம்பு வலிக்கிற வேலைதான் ஆம்பளை வேலை, பேனா பிடிப்பது பொம்பளை வேலை என்ற நம்பிக்கையோடும், ஆசிய, கரீபியக் குடியேறிகள்மீது வெறுப்போடும், தங்கள் அப்பாக்கள் நின்ற அதே தொழிற்சாலைத் தளத்துக்கு அவர்களாகவே நடந்து போனார்கள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. பள்ளியை எதிர்க்க அவர்கள் பயன்படுத்திய கேலி, கூட்டாளித்தனம், அதிகாரத்தை ஏய்க்கும் தந்திரம் எல்லாமே அந்தத் தளத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த சரக்கு. எண்பதுகளில் அந்த வட்டாரத்தின் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டது தனிக்கதை.

சமூகமயமாக்கம், தன்னடையாளம், தனிமனிதச் செயலாண்மை ஆகியவற்றைப் பற்றிய நூற்றாண்டுக் கால விவாதத்தில் பெரும்பகுதி, சமூகத்தை ஒரு தட்டிலும் தனிமனிதனை மறு தட்டிலும் வைத்துத் தராசு பிடிப்பதிலேயே கழிந்திருக்கிறது. வில்லிஸின் பையன்களை எந்தத் தட்டில் வைப்பது? மீறியதும் அவர்கள்தான், மாட்டிக்கொண்டதும் அவர்கள்தான். ஒரு மனிதன் தானாகச் செயல்படும் விதத்தையே எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டான் என்று கேட்டவர்களின் புத்தகங்கள்தான் இந்தத் துறையில் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்பது என் எண்ணம். அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரை நடக்கும். பெருங்கோட்பாடுகளுக்கு இங்கே கொஞ்சம் குறைவான இடம்தான்.

பெருங்கோட்பாட்டின் மரபு பிரான்சில் எமில் துர்கைமிடமிருந்து வருகிறது. பிறக்கும் குழந்தை தன் தேவைகளை மட்டுமே அறிந்த உயிர். அதற்குள் ஒரு சமூக உயிரை உண்டாக்குவதே கல்வியின் வேலை என்றார் அவர். அமெரிக்காவில் டால்கட் பார்சன்ஸ் இதோடு ஃபிராய்டைச் சேர்த்தார். குடும்பம் குழந்தைக்குள் சமூக நெறிகளைப் பதிக்கிறது. அவை பதிந்தபின், செய்ய வேண்டியதையே மனிதன் செய்ய விரும்பவும் தொடங்குகிறான். ஐம்பதுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது ஏறக்குறைய வேதவாக்கு. 1961இல் டென்னிஸ் ராங் ஒரு கட்டுரையில் இதை உடைத்தார். ஃபிராய்டிடமிருந்து உள்மனக் காவலரை எடுத்துக்கொண்டீர்கள், அந்தக் காவலர் ஓயாமல் மல்லுக்கட்டும் ஆசைகளை எங்கே விட்டீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். அளவுக்குமீறிச் சமூகமயமான மனிதன் சமூகவியலாளர்களின் கற்பனை என்றார். இன்று பார்சன்ஸைப் படிப்பவர்களைவிட இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் அதிகம் இருக்கலாம்.

அமெரிக்காவிலேயே அதற்கு முன்பு வேறொரு வழியும் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஹார்ட்டன் கூலி தன் சொந்தக் குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். ‘என்னுது’ என்ற சொல் பொம்மைச் சண்டையில் எப்படி முளைக்கிறது என்று பார்த்தார். 1902இல் அவர் சொன்னது இன்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டது. பிறர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன், அதை அவர் எப்படி மதிப்பிடுகிறார் என்று நானே கற்பனை செய்கிறேன். அந்தக் கற்பனையிலிருந்துதான் எனக்குப் பெருமையோ கூச்சமோ வருகிறது.

சிகாகோவின் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதை இன்னும் நுட்பமாக்கினார். அவருடைய புகழ்பெற்ற நூல் அவர் எழுதியதே அல்ல. 1931இல் அவர் இறந்தபின் மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து 1934இல் தொகுக்கப்பட்டது அது. சின்னக் குழந்தை ஒரு நேரம் அம்மாவாக, ஒரு நேரம் போலீஸ்காரராக விளையாடும். ஒரு சமயத்தில் ஒரு வேஷம்தான். பேஸ்பால் ஆட வந்த சிறுவனுக்கு அது போதாது. களத்தில் உள்ள ஒவ்வொருவரும் என்ன செய்வார் என்பதை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவனால் பந்தைப் பிடிக்க முடியும். ஆட்டத்தின் விதி முழுவதும் அவனுக்குள் குடியேறுகிறது. இத்தோடு நின்றிருந்தால் மீடும் துர்கைமின் சித்தாந்தத்துக்கே போயிருப்பார். பிறரின் பார்வைகளால் அமைந்த ‘என்னை’ என்ற பகுதியையும், அதற்குப் பதில் சொல்லும் ‘நான்’ என்ற பகுதியையும் அவர் பிரித்தார். அந்த ‘நான்’ என்ன செய்யும் என்பது செய்து முடித்த பிறகே எனக்கும் தெரியவரும். செயலாண்மைக்கு மீட் தந்த இடம் அந்தச் சின்ன இடைவெளிதான். பின்னால் வந்தவர்கள் அதற்குள் ஒரு வீரனைக் குடியமர்த்தப் பார்த்தார்கள், மீட் அப்படிச் செய்யவில்லை.

பிறர் கண் என்ற கூலியின் கண்ணாடி எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டுவதில்லை என்பதை அவருக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார். மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டனில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் விசிட்டிங் கார்டு வாங்கி ஒருவருக்கொருவர் கொடுத்து விளையாடுகிறார்கள். புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரச் சிறுமி, கறுப்பினச் சிறுவன் டூ போய்ஸின் கார்டை ஒரு பார்வை பார்த்து மறுத்துவிடுகிறாள். தன்னைத் தானே பிறர் கண்ணால் அளந்துகொண்டே இருக்க நேரும் இரட்டைப் பிரக்ஞை பற்றி அவர் 1897இல் கட்டுரையாக எழுதினார். அது 1903இல் ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ நூலில் இடம்பெற்றது. மீடின் பேஸ்பால் களத்தில் எல்லோரும் ஒரே அணிக்காரர்கள். தன்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாதவர்களின் விதியையும் மனப்பாடம் செய்யவேண்டிய பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே விடையில்லை. சமூகவியல் டூ போய்ஸை முன்னோடியாக ஏற்க ஒரு நூற்றாண்டு ஆனது. அது அந்தத் துறையின் சொந்தச் சமூகமயமாக்கத்தைப் பற்றிய தகவல்.

எர்விங் காஃப்மனை ‘வாழ்க்கை ஒரு நாடக மேடை’ என்று சொன்னவராக மட்டும் நினைவில் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். 1949 இறுதியிலிருந்து 1951 வரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கியிருந்தபோது அவர் கவனித்த ஒரு விஷயம்: பக்கத்து வீட்டுக்காரர் தேநீருக்கு வருகிறார். பாதையில் நடக்கும்போது அவர் முகத்தில் இருப்பது வேறு பாவனை. வாசலை நெருங்கியதும் ஒரு புன்னகையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். உள்ளே இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சியை விளக்க எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

என் பார்வையில் அவருடைய பெரிய நூல் 1961இல் வந்த ‘அசைலம்ஸ்’. வாஷிங்டனில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்த செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில், 1955–56இல் விளையாட்டு இயக்குநரின் உதவியாளர் என்ற பெயரில் ஓர் ஆண்டு இருந்தார். சொந்த உடை, சொந்தப் பொருள், சொந்த நேரம் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு மனிதனைப் புதிதாக வார்க்கப் பார்க்கும் நிறுவனம் அது. சமூகமயமாக்கம் முழுவேகத்தில் நடக்கும் இடம் என்றே சொல்லலாம். ஆனால் நோயாளிகள் சிகரெட்டை ஒளித்துவைத்தார்கள், காவலர் பார்வை விழாத மூலைகளைக் கண்டுபிடித்தார்கள், மருத்துவமனையின் பொருள்களையே வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒன்றில் சேர்ந்திருக்கும்போது நான் யாரோ ஒருவன் என்ற நினைப்பு வருகிறது, அதன் இழுப்புக்குச் சின்னச் சின்னதாய் முரண்டு பிடிக்கும்போது நான் நான்தான் என்ற நினைப்பு வருகிறது என்ற முடிவுக்குக் காஃப்மன் வந்தார்.

மனநல மருத்துவமனைக்கும் பாலர் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? வில்லியம் கோர்சாரோவுக்குத் தெரிந்தது. இத்தாலியின் பொலோன்யாவில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஆய்வு செய்தவர் இந்த அமெரிக்கர். அவருடைய தட்டுத்தடுமாறும் இத்தாலிய மொழிதான் அவருக்குக் கிடைத்த நுழைவுச்சீட்டு. பேசத் தெரியாத பெரிய ஆளைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டுப் பொம்மை கொண்டுவரக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் பைக்குள் அடங்கும் குட்டிக் கார், குட்டி மிருகம் என்று கடத்திவந்தார்கள். டீச்சர்களும் கண்டும் காணாமலும் இருந்தார்கள். காஃப்மன் நோயாளிகளிடம் கண்டதை இவர் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டார். பெரியவர்கள் தரும் உலகைப் பிள்ளைகள் அப்படியே விழுங்குவதில்லை, தங்களுக்குள் பேசி, மாற்றி, தங்களுக்கென ஒரு பண்பாட்டை உண்டாக்குகிறார்கள் என்ற அவருடைய வாதம் 1997இல் நூலானது.

அன்னெட் லரோவின் ‘அன்ஈக்வல் சைல்ட்ஹுட்ஸ்’ (2003) இதே இடத்தை வர்க்கக் கண்ணோடு பார்த்தது. பன்னிரண்டு அமெரிக்கக் குடும்பங்களில் அவருடைய குழுவினர் வீட்டு ஆட்களைப் போலப் பழகினார்கள். நடுத்தர வர்க்கத் தாய், டாக்டரிடம் போகும் வழியில் காரிலேயே மகனைத் தயார் செய்கிறாள்: உனக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ கேள், கூச்சப்படாதே. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு உறவுக்காரப் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் விளையாட நேரமும் சுதந்திரமும் உண்டு. ஆனால் டாக்டர், டீச்சர் முன்னால் அவன் வாய் திறப்பதில்லை, அவன் அம்மாவும் அப்படித்தான். அதிகாரத்தை நோக்கிக் கேள்வி கேட்கும் துணிச்சலே சொல்லிக்கொடுக்கப்படுகிறது, அதுவும் சமமாக இல்லை. பத்தாண்டுக்குப் பிறகு லரோ அவர்களைத் தேடிப் போனபோது பாதைகள் பெரும்பாலும் மாறியிருக்கவில்லை. தங்களைப் பற்றிப் புத்தகத்தில் படித்த சில குடும்பங்களுக்கு அவர்மீது கோபமும் வருத்தமும் இருந்தன. 2011 பதிப்பில் அதையும் மறைக்காமல் எழுதினார்.

நம் பக்கத்தில் லீலா துபே 1988இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையை இந்தப் புத்தகங்களோடு வைத்துப் படிக்கவேண்டும். தந்தைவழிக் குடும்பத்தில் பெண்குழந்தை எப்படி உட்காருவது, நடப்பது, பரிமாறுவது, தனக்கு எது மிஞ்சும் என்று எதிர்பார்ப்பது, இவையெல்லாம் சடங்கு, சாப்பாடு, பழமொழி வழியாக உடம்பில் ஏறும் விதத்தை அவர் எழுதினார். ‘இன்னொரு வீட்டுக்குப் போகப்போறவ’ என்பதைக் கேட்டு வளராத தமிழ்ப் பெண் அபூர்வம் என்பதால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடம்பில் ஏறுவது என்றதும் பியர் பூர்தியூவிடம் வந்துதான் ஆகவேண்டும். வளர்ந்த விதம் உடம்பில் பழக்கமாக ஊறிவிடுகிறது என்ற அவருடைய ‘ஹாபிட்டஸ்’ கருத்தை அல்ஜீரியாவின் கபீலியாவை வைத்தே எல்லோரும் விளக்குவார்கள். எனக்குப் பிடித்தது அவர் 1962இல் தன் சொந்த வட்டாரமான பெயார்னைப் பற்றி எழுதியது. தென்மேற்குப் பிரான்சின் ஒரு கிராமம், கிறிஸ்துமஸ் நடனம். இளைஞர்கள் ஆடுகிறார்கள். முப்பது தாண்டிய கல்யாணமாகாத விவசாயிகள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள், ஆட வருவதில்லை. முன்பு நிலம் மூத்த மகனுக்கு, எனவே பெண்ணும் அவனுக்கே. இப்போது பெண்களின் கண் நகரத்தை நோக்கித் திரும்பிவிட்டது. ஏர் பிடித்து, மரச்செருப்புப் போட்டு வளர்ந்த உடம்பு இசைக்கு இசைந்து கொடுக்காது. தன் உடம்பு பட்டிக்காட்டு உடம்பு என்று அவனுக்கே தெரியும், தெரிவதால் இன்னும் விறைத்துப்போகிறான். சொத்துக்கு வாரிசானவனே அந்தச் சொத்தால் கட்டிப்போடப்படுகிறான். தபால் ஊழியர் மகனாக அந்த வட்டாரத்தில் பிறந்து பாரிஸுக்குப் போன பூர்தியூ தவிர வேறு யாரும் அதை அப்படி எழுதியிருக்க முடியாது.

அவர் அந்த நடன அரங்கிலிருந்து வெளியேறிய விதத்துக்கு அவருடைய கோட்பாட்டில் போதிய இடமில்லை என்பது பழைய புகார், நியாயமானதும்கூட. பெர்னார் லாயிர் 1998இல் ஒரே மனிதனுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல பழக்கங்கள் இருக்கின்றன, வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, நண்பர் குழாமுக்கு ஒன்று என்று திருத்தினார். மார்கரெட் ஆர்ச்சர் மனிதன் தனக்குள் பேசிக்கொள்ளும் பேச்சையே ஆய்வுப் பொருளாக்கினார். சிலருக்கு அது நெருங்கியவரிடம் சொன்னால்தான் முடியும், சிலருக்குத் தனியாகவே முடிவாகும், சிலருக்கோ பேசப்பேசத் துயரம்தான் கூடும், வழி திறக்காது. அந்தோனி கிடென்ஸ் தன்னடையாளத்தை ஒருவர் ஓயாமல் திருத்தி எழுதும் சுயகதை என்றார் (1991). படிக்கும்போது ஒப்புக்கொள்ளத் தோன்றும். மூடிவைத்தால், இவர் சொல்லும் மனிதனுக்கு மாதச்சம்பளம் நன்றாக வந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் தோன்றும்.

இந்தத் துறையை உண்மையில் கலைத்துப்போட்டவர் சபா மஹ்மூத். பாகிஸ்தானில் பிறந்து, இடதுசாரிப் பெண்ணியத்தில் ஊறிய மானுடவியலாளர். தொண்ணூறுகளில் கெய்ரோவின் பள்ளிவாசல்களில் பெண்களே பெண்களுக்கு மார்க்கப் பாடம் நடத்தும் இயக்கத்தில் களப்பணி செய்தார். செயலாண்மை என்றாலே எதிர்ப்பு என்று படித்து வந்தவருக்கு அங்கே கிடைத்தது வேறு. அந்தப் பெண்கள் நாணத்தைத் தங்களுக்குள் உண்டாக்கப் பயிற்சி செய்தார்கள். மனத்தில் நாணம் இருப்பதால் முக்காடு அல்ல, முக்காடு போட்டுப் பழகப் பழக நாணம் உள்ளே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. விதிக்கு உட்படுவதே இங்கே ஒரு திறமை, கவனத்தோடு செய்யும் வேலை. 2005இல் வந்த ‘பாலிடிக்ஸ் ஆஃப் பயட்டி’க்குக் கடுமையான எதிர்வினைகள் வந்தன. எல்லாமே செயலாண்மை என்றால் வற்புறுத்தலை எந்தப் பெயரால் அழைப்பது? அவர் அதற்கு முழுதாகப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடங்குவதற்கும் ஆள் வேண்டும், அந்த ஆளும் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்பதை அவருக்குப் பிறகு யாராலும் மறக்க முடியவில்லை.

மஹ்மூத் சொன்னது ஒரு தமிழ் வீட்டுக்கு அவ்வளவு அந்நியமில்லை. 1990இல் வந்த மார்கரெட் டிராவிக்கின் நூல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு இயங்கும் விதத்தைப் பற்றியது. அன்பின் குணங்களாக அவர் அங்கே கண்டவற்றில் அடக்கம், பழக்கம், பணிவு ஆகியவற்றோடு கொடுமையும் அழுக்கும் அடிமையும் மயக்கமும் உண்டு. தாய் தன் பிள்ளையைப் பிறர் முன்னால் ஆசையாகப் பார்க்கக்கூட மாட்டாள், கண்ணேறு பட்டுவிடும். அடக்கிவைப்பதும் அன்பைக் காட்டும் ஒரு வழியாக அந்த வீட்டில் பிள்ளைக்குப் புரிந்திருந்தது.

கான்ஸ்டன்டைன் நகாசிஸ் 2016இல் வெளியிட்ட ‘டூயிங் ஸ்டைல்’ மதுரை, சென்னைக் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. சிறுவனும் இல்லை, குடும்பப் பொறுப்புள்ள ஆம்பளையும் இல்லை என்ற வயதில் ஸ்டைல்தான் மரியாதை. சட்டையில் இருக்கும் பிராண்டு அசலா போலியா என்று யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, எழுத்து தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணில் படவேண்டும். பேச்சில் இங்கிலீஷ் கலந்தால் ஸ்டைல், கொஞ்சம் கூடிவிட்டால் ‘சீன் போடுறான்’. தனித்துத் தெரியவேண்டும், ஆனால் கூட்டாளிகளிடமிருந்து பிரிந்துவிடக் கூடாது. எந்த அளவு போதும், எது ‘ஓவர்’ என்பதை எந்தப் பேராசிரியரும் சொல்லித் தருவதில்லை. ஹாஸ்டல் அறையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒருவனை ஒருவன் ஓட்டி ஓட்டியே கற்றுக்கொள்கிறார்கள். வேலை, கல்யாணம் என்று வந்தபின் அதே சட்டையைப் போட்டால், நேற்றுவரை கைதட்டியவர்களே வயசுக்குத் தகுந்த மாதிரி இருடா என்பார்கள்.