படக் காப்புகளும் மூன்று பள்ளிகளும்

அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் வெள்ளியில் செய்யும் படக் காப்புகளைப் பற்றி எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் உண்டு. செயலாளர் இட்ட பணியைத் தட்ட முடியாமல் எழுதுகிறேன்.

முதல் நவஹோ வெள்ளித்தட்டார் எனப்படும் அட்சிடி சானியிலிருந்து வரும் வழி உறுப்பினர்கள் அறிந்ததே. அமெரிக்க அரசுடனான 1868 உடன்படிக்கைக்குப் பின் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பிய மக்களிடம் தழைத்த தொழில், வெள்ளிக் காசை உருக்கி அடித்த கனத்த காப்புகள், 1899 முதல் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் ரயில் பயணிகளுக்காகச் செய்யச் சொன்ன இலேசான சரக்கு எல்லாம் பேசித் தீர்ந்தவை.

படம் என்று வந்தால் மூன்று பள்ளிகள். முதலாவது முத்திரை உளி: அம்பு, இடிப்பறவை என்று ஒற்றைக் குறிகளை அடித்து நிரப்புவது. இரண்டாவது அண்டைப் பழங்குடியினரான ஹோப்பிகளின் ஓவர்லே: படம் அறுத்த மேல்தகட்டைக் கறுத்த அடித்தகட்டின்மேல் பற்றவைப்பது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஹோப்பி வீரர்களுக்கு 1947-இல் ஃபிரெட் கபோட்டியும் பால் சௌஃப்கியும் சொல்லிக்கொடுத்தது. கறுத்த அடித்தகட்டில் உளிக்கோடு இழைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறோம். மூன்றாவது நவஹோக்களின் கதைக் காப்பு. அதற்குக் கிளாரன்ஸ் லீ என்ற கைவினைஞரின் பெயரைச் சொன்னால் போதும். ஹோகன் என்னும் நவஹோ வீடு, தறி முன் அமர்ந்த பெண், குதிரை வண்டி, ஆட்டு மந்தை, பின்னால் தட்டைத்தலைக் குன்றுகள் என ஓர் ஊரே மணிக்கட்டைச் சுற்றி வரும்.

நாங்கள் மூன்றாம் பள்ளி. எங்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த மூத்தவர் காப்பைக் கையில் வாங்கியதும் படத்தைப் பார்க்கமாட்டார்; விளிம்பைப் பார்ப்பார். மேல்தகடும் அடித்தகடும் சேருமிடத்தில் பற்றாசு ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும். அப்புறம்தான் லென்ஸ். கம்பி ரம்பம் திரும்பிய மூலைகளில் கறுப்பு பிசிறில்லாமல் நிற்கிறதா, மெருகு போடும்போது கோடு மழுங்கியதா என்று பார்ப்பார். முகம் மலர்ந்தால் அந்தக் காப்பு தேறியது.

இன்று சிலர் (பெயர் வேண்டாம், நல்ல கைக்காரர்களும் அவர்களில் உண்டு) அச்சில் வெட்டி வந்த உருவங்களை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். ஹோகனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லா ஆடுகளும் ஒரே திசையில், ஒரே முகத்துடன் நிற்கின்றன. சிலவற்றுக்குக் கால்களே இல்லை. வயிறு தரையில் தேய்கிறது. நவஹோக்கள் வளர்க்கும், நான்கு கொம்புள்ள சுரோ இனக் கிடா எங்கே போயிற்று? 1930-களில் மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அமெரிக்க அரசாங்கம் நவஹோ மக்களின் மந்தைகளை இலட்சக்கணக்கில் குறைத்தது. அந்தத் துயரம் இன்னும் வீடுகளில் பேசப்படுகிறது. அப்படிப்பட்ட ஆட்டைக் காலில்லாமல் ஒட்டுவது சோம்பல் மட்டுமா? ஆடு போனால் மேய்ப்பவள் போவாள், மேய்ப்பவள் போனால் தறி போகும், கடைசியில் காப்பில் வெள்ளி மட்டும் மிஞ்சும்.

பழங்குடியினர் செய்ததென்று பொய் சொல்லி விற்பவர்களைத் தண்டிக்க அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செய்தவர் யார் என்று சட்டம் கேட்கும். ஆட்டுக்குக் கால் உண்டா என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் வாங்கிச் சேர்க்கும் நாம்தான். அடுத்த கண்காட்சியில் பரிசுக்கு வரும் காப்புகளை லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகே மேசையில் அடுக்க வேண்டும் என்று செயற்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்.