கவிழ்த்து வைத்த கட்டர்

தமிழ்நாட்டில் மரவேலை நடக்கும் எந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கருவி கட்டாயம் கண்ணில் படும். கல்லும் டைல்ஸும் அறுப்பதற்காகச் செய்த நான்கு அங்குல மார்பிள் கட்டர் அது. வைரப் பிளேடைக் கழற்றிவிட்டு, முப்பது நாற்பது பல் உள்ள மரப் பிளேடை மாட்டியிருப்பார்கள். ஒரு பிளைவுட் பலகையில் நீளமாகத் துளை போட்டு, அதன் அடியில் கட்டரைத் தலைகீழாக வைத்து நாலு திருகாணியால் முறுக்கி, பிளேடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தால் மேசை ரம்பம் தயார். ஓரமாக ஒரு ரீப்பரை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால் கைடும் தயார். மொட்டைமாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சொந்தமாக மரவேலை தொடங்குகிறவர்கள் பலர் முதலில் கண்டு பழகுவதும் பிறகு தாங்களே செய்துபார்ப்பதும் இதைத்தான்.

இந்தப் பழக்கத்தை 'ஆபத்து' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், அது ஏன் இவ்வளவு தூரம் பரவியது என்பது புரியாமலே போய்விடும். பரவியதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் விலை. பெயருள்ள கம்பெனியின் மார்பிள் கட்டர் மூவாயிரம், ஐயாயிரத்துக்குள் கிடைக்கிறது. அதே கம்பெனியின் பத்து அங்குல டேபிள் சா முப்பதாயிரத்தைத் தாண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் வாங்கலாம்; ஆர்மேச்சர் எரிந்தால் வைண்டிங் கடையில் சரிசெய்துவிடுவார்கள். இரண்டாவது காரணம் அறுப்பின் தரம். 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், அதன் பல் நுனி விநாடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது. 185 மில்லிமீட்டர் சர்குலர் சாவில் 5,500 சுற்றுக்கு அது 53 மீட்டர்தான். சின்னப் பல், மெல்லிய பிளேடு, அதிக வேகம் மூன்றும் சேர்வதால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் விளிம்பு சிலும்பாமல் வரும். இன்னொன்று, அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகலாம். வேலை நடக்கும் வீட்டில் கிடைக்கிற பலகையிலேயே மேசையைச் செய்து, வேலை முடிந்ததும் அந்தப் பலகையை அலமாரியின் முதுகுக்குப் பயன்படுத்திவிட்டு, கட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

சதுர அடிக் கணக்கில் கூலி பேசி, மூன்று வாரத்துக்கு ஒரு வீடு என்று மாறிக்கொண்டே இருக்கும் தச்சருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைச் சொல்வது கடினம். முப்பது கிலோ இயந்திரத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போக அவருக்கு யாரும் கூலி தருவதில்லை. அவரைக் கட்டரைக் கவிழ்க்க வைத்தது அறியாமை அல்ல, நாம் பேசிய கூலி. வீட்டில் தன் விருப்பத்துக்காக ஒரு புத்தக அலமாரி செய்கிறவருக்கு இந்த நெருக்கடிகளில் ஒன்றுகூட இல்லை. இடம் மாறுவதில்லை; நாளைக்குள் முடிக்க வேண்டியதும் இல்லை. தச்சருக்குப் பதினைந்து வருடக் கைப்பழக்கமாவது காவலுக்கு இருக்கிறது. புதியவருக்கு அதுவும் இல்லை. ஆக அந்த ஏற்பாட்டின் லாபம் நமக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை, ஆபத்து மட்டும் முழுதாக வந்து சேர்கிறது.

அந்த ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்தின் அசைவை வைத்தே பார்த்துவிடலாம். மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுந்து, அறுப்பவர் இருக்கும் பக்கமாகத் திரும்பி வருகின்றன. அறுபட்ட மரம் உள்முறுக்கத்தால் மூடிக்கொண்டாலோ, கைடு பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் சற்றே நெருங்கியிருந்தாலோ மரம் அந்தப் பின்பற்களில் சிக்கும். சிக்கிய கணத்தில் துண்டு மேலே எழும்பி, நம் வயிற்றை நோக்கிப் பாயும். "மெஷின் உதைக்குது" என்று தச்சர்கள் சொல்வது இதைத்தான். துண்டு பறந்து வருவதைவிடக் கொடுமை, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடின் மேல் போய் விழுவது. முறையான டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால், சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு தகடு நிற்கும். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமலும், மரம் பின்பற்களைத் தொடாமலும் காப்பது அதன் வேலை. கவிழ்த்து வைத்த கட்டரில் அந்தத் தகடும் இல்லை, மேல் மூடியும் இல்லை. இரண்டு கிளாம்புக்கு நடுவே இறுக்கிய ரீப்பர், பிளேடுக்கு இணையாக நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. டேப்பால் இரண்டு முனையிலும் அளந்தேன் என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகு டேப்பில் தெரியாது, பிளேடுக்குத் தெரியும்.

தகடு, மூடி எல்லாம் பொருத்தி விற்ற இயந்திரங்களே எவ்வளவு விரல்களைக் கொண்டுபோகின்றன என்பதற்கு அமெரிக்கா சாட்சி. மேசை ரம்பத்தின் பிளேடு பட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர் அங்கே அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள். ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர், விரல் பட்டதும் ஐந்து மில்லிவிநாடிக்குள் பிளேடை நிறுத்தும் 'சாஸ்டாப்' முறையை உருவாக்கியதற்குப் பின்னணி அந்த நிலவரம்தான். அப்படிப்பட்ட இயந்திரத்தின் காவல்களையெல்லாம் கழற்றிவிட்டு, இன்னும் வேகமாகச் சுழலும் பிளேடை மாட்டிய ஏற்பாடு நம்முடையது. பல கம்பெனிகளின் கட்டர் கையேட்டில் பல் வைத்த பிளேடை மாட்டக் கூடாது என்று அச்சிட்டே இருக்கும். மரப் பிளேடின் முகத்தில் அது தாங்கக்கூடிய உச்ச வேகமும் பொறித்திருக்கும். அந்த எண் கட்டரின் தகட்டில் உள்ள சுற்று எண்ணைவிடக் குறைவாக இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தப் பிளேடை வாங்கக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. கவிழ்த்த கட்டரின் சுவிட்சைப் பலகைக்கு அடியில் கை விட்டு அமுக்க முடியாது. அதனால் பூட்டுப் பொத்தானைப் போட்டோ, கயிறு கட்டியோ அதை எப்போதும் 'ஆன்' நிலையில் வைத்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை இயக்குவார்கள். சில இடங்களில் பிளக்கூட இருக்காது. வயர் நுனிகளைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். பாதி அறுப்பில் கரண்ட் போகிறது. மரத்தை எடுத்து வைக்கிறோம், டீ குடிக்கப் போகிறோம், பிள்ளை அந்தப் பக்கம் வந்து பலகையில் கை வைக்கிறது, கரண்ட் வருகிறது. முறையான இயந்திரங்களில் மின்சாரம் நின்றால் தானே விழுந்துவிடும் காந்த சுவிட்ச் இருக்கும். மறுபடி நாமே அமுக்காமல் அது ஓடாது. மின்வெட்டு பழகிப்போன ஒரு நாட்டில் இந்த ஒரு சுவிட்ச் மற்ற எந்த வசதிக்கும் முந்தியது என்பது என் உறுதியான கருத்து.

பாதுகாப்பைத் தள்ளி வைத்துவிட்டு இடக் கணக்கை மட்டும் பார்த்தாலும் இந்த மேசை வீட்டுக்குப் பொருந்துவதில்லை. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட், 18 மில்லிமீட்டர் கனத்தில் முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். அதை நீளவாக்கில் மேசையில் தள்ளி அறுக்க, பிளேடுக்கு முன்னால் எட்டு அடியும் பின்னால் எட்டு அடியும் வெற்றிடம் வேண்டும். பதினாறு அடி நீளம் எத்தனை வீடுகளில் சும்மா கிடக்கிறது? நார்ம் ஏப்ரம் 1989 முதல் 2009 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடத்திய 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' நிகழ்ச்சியில் டேபிள் சா நடுநாயகமாக நின்றது. இன்றைய மரவேலை வீடியோக்கள் பலவும் அதே அமைப்பில்தான் ஓடுகின்றன. இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு அது சரி. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, டேபிள் சா இல்லாமல் மரவேலையே இல்லை என்று நம்பித்தான் நம்மில் பலர் கட்டரைக் கவிழ்க்கிறோம்.

கையில் பிடிக்கும் சர்குலர் சா பிறந்த கதை இந்த இடத்தில் உதவும். 1920-களில் எட்மண்ட் மிஷெல் என்பவர், அமெரிக்காவின் லூசியானா கரும்பு வயலில் ஆட்கள் வெட்டரிவாளோடு படும் பாட்டைப் பார்த்து, மோட்டார் வைத்த கரும்பு வெட்டுக் கருவியைச் செய்ய முனைந்தார். அந்த முயற்சியிலிருந்துதான் பின்னாளில் 'ஸ்கில்சா' ஆன கை ரம்பம் வந்தது. வயலில் நிற்கும் கரும்பைக் கருவியிடம் கொண்டுபோக முடியாது, கருவிதான் போக வேண்டும். எட்டடி ஷீட்டுக்கும் இதே கணக்குதான். ஜெர்மனியில் ஃபெஸ்டோ நிறுவனம் 1960-களில் சர்குலர் சாவுக்கு வழிகாட்டித் தண்டவாளம் கொண்டுவந்தபோது, பலகை அசையாமல் படுத்திருக்க ரம்பம் நேர்க்கோட்டில் ஓடும் முறை முழுமை பெற்றது.

அந்தத் தண்டவாளத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். எட்டடி நீளத்தில் ஓர் அடி அகலமுள்ள 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை அடிப்பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நாலு அங்குல அகலத்தில் 12 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை, கம்பெனியிலேயே நேராக அறுத்து வந்த விளிம்பு உள்ளே பார்க்கும்படி ஒட்டித் திருகாணி போடுங்கள். ஒட்டுமுன் அந்த விளிம்பைச் சோதிக்க வேண்டும். பட்டையைத் தரையில் வைத்துப் பென்சில் கோடு போட்டு, அதைப் புரட்டி, அதே விளிம்பை அதே கோட்டின் மேல் வைத்து இன்னொரு கோடு போட்டால், வளைவு இருமடங்காகிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒட்டு காய்ந்ததும் சர்குலர் சாவின் அடித்தகட்டைப் பட்டையின் விளிம்பில் அணைத்து, ஒரே ஓட்டமாக அடிப்பலகையை அறுத்துவிடுங்கள். இப்போது அடிப்பலகையின் விளிம்பு எதுவோ, பிளேடு ஓடும் இடமும் அதுவே. இனி அளந்து போட்ட கோட்டின் மேல் அந்த விளிம்பை வைத்து, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு அறுக்க வேண்டியதுதான். ஷீட்டைத் தரையில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் மேல் படுக்கவைத்து, பிளேடை, அடிப்பலகையும் ஷீட்டும் சேர்ந்த கனத்தைவிட ஐந்து மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இறக்கினால் போதும். அறுபட்ட துண்டு தொங்காது, பிளேடைக் கவ்வாது. சர்குலர் சாவின் முன்பற்கள் கீழிருந்து மேலே ஏறுவதால் சிலும்பல் மேல் முகத்தில் வரும். ஆகவே மைக்கா ஒட்டிய நல்ல முகம் கீழே பார்க்க வேண்டும். மேசை ரம்பத்தில் இது நேர்மாறு.

கையில் ஏற்கெனவே கட்டர் இருக்கிறது, அதையே நேராகப் பிடித்து இந்தப் பட்டையோடு ஓட்டலாமே என்று கேட்பார்கள். கவிழ்த்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சர்குலர் சாவைத் தூக்கியதும் ஸ்பிரிங் மூடி தானாக வந்து பிளேடை மறைத்துவிடும். கட்டரின் மூடி அசையாதது. அறுத்து முடித்துக் கீழே வைக்கும்போதும் பிளேடு திறந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். அறுக்கும் ஆழமும் முப்பது மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 185 மில்லிமீட்டர் சர்குலர் சா அறுபதைத் தாண்டி இறங்கும். பழைய வீட்டை இடித்த இடத்தில் வாங்கிய இரண்டு அங்குலத் தேக்குச் சட்டத்தையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். கட்டரைப் போல ஏறக்குறைய இருமடங்கு விலைதான். வாங்கும் முதல் ரம்பம் இதுவாக இருக்கட்டும்.

மேசை ரம்பத்துக்கு மட்டுமே கைவரும் வேலைகள் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. ஒரே அகலத்தில் இருபது ரீப்பர் எடுக்க வேண்டும், முக்கால் அங்குலப் பட்டை வேண்டும், சின்னத் துண்டில் பள்ளம் எடுக்க வேண்டும் என்றால் கை ரம்பமும் வழிகாட்டிப் பட்டையும் திணறும். மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலையென்றால் அதை மர அறுவை மில்லிலோ பேனல் சா வைத்திருக்கும் பிளைவுட் கடையிலோ கொடுத்து அறுத்து வாங்குவதே கணக்குக்குச் சரி. வாராவாரம் வருகிறதென்றால் உண்மையான டேபிள் சாவே வாங்க வேண்டும். பின்தகடு பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, கைடு எங்கே இறுக்கினாலும் இணையாக நிற்கிறதா, கரண்ட் போய் வந்தால் நின்றபடியே இருக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டிரில்லிங் மெஷின் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். ஆனால் முதலில் எந்தக் கம்பெனியின் பேட்டரியை வாங்குகிறோமோ, அதற்குத்தான் பிறகு பல வருடம் கட்டுப்பட்டிருப்போம் என்பதை யோசித்து வாங்க வேண்டும். மின்சார பிளேனரை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தீட்டிய இழைப்புளி ஒன்று அதன் பெரும்பாலான வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். டிரிம்மரில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டும் கால் அங்குலத் தண்டுள்ள பிட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட் கால் அங்குலமாக இருக்க, அதில் 6 மில்லிமீட்டர் பிட்டை முறுக்கினால் பிடித்ததுபோல் இருக்கும், மரத்தில் அழுந்தியதும் நழுவி வெளியே வரும்.

பணம் மீந்தால் கிளாம்பில் போடுங்கள். நம் தச்சுமரபில் தரையில் உட்கார்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திப் பிடித்து இழைப்பது அழகான கைத்திறன். அந்தப் பழக்கம் மோட்டார் கருவியோடு சேரும்போது பிளேடுக்குப் பக்கத்திலேயே கால் வந்துவிடுகிறது. இடுப்பு உயரத்தில் ஆடாத ஒரு மேசையும் நல்ல எஃப் கிளாம்ப் நாலும் இருந்தால் காலுக்கு அந்த வேலையே இல்லை. தூளைப் பற்றியும் அலட்சியம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளையும், 2004-ல் பிளைவுட், எம்.டி.எஃப். பசைகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. கவிழ்த்த கட்டர் அந்தத் தூளை நேராக நம் முகத்தை நோக்கி வீசுகிறது; சர்குலர் சாவின் தூள்வாயில் ஒரு வேக்குவம் குழாயை மாட்டிவிடலாம். அப்போதும் என்95 முகக்கவசமும் காதடைப்பானும் வேண்டும், வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். கருவிக்கான பட்டியலை எழுதும்போது முகக்கவசத்தையும் காதடைப்பானையும், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு எர்த்தோடு தனி வயர் இழுக்கும் எலெக்ட்ரீஷியன் கூலியையும், ரம்பத்தின் விலைக்கு முந்தைய வரியில் எழுதுங்கள்.