மன்னார் வரலாற்றில் எழுவாய் எங்கே?

ஊர் வரலாறு எழுதும் முயற்சி நம்மிடையே பெருகி வருகின்றது. பாடசாலை மலர், கோயில் மலர், பிரதேச விழா மலர் எதை எடுத்தாலும் அதில் ஊர் வரலாற்றுக்கு ஓரிடம் உண்டு. இவற்றை இலக்கியமென எவரும் கருதாமையால் விமர்சனமும் இவற்றைத் தீண்டுவதில்லை. ஆயினும் ஒரு மாணவன் தன் ஊரைப் பற்றி முதன்முதலிற் படிக்கும் உரைநடை இதுவே. எதை நினைவிற் கொள்வது, எதை மறப்பது என்பதை அவன் இதிலேதான் கற்கின்றான். ஆதலின் மன்னாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வகை எழுத்தைச் சற்று ஆராய்வோம்.

இக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் ஊர்ப்பெயரின் விளக்கம். அடுத்து மாந்தைத் துறைமுகமும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும். பின்னர் 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிய கதை. ஈற்றில் பள்ளிமுனைப் பெருக்குமரத்தின் பருமன். கூறப்படுபவை உண்மைகளே. ஆயின் கோட்டையின் திறவுகோல் எவர் கையில் இருந்தது என்பதே ஊரின் வரலாறாகிவிடுகின்றது. அக்கோட்டைக்குக் கல் சுமந்தவன் எதை உண்டான், எங்கே உறங்கினான் என்ற வினா எழுவதேயில்லை.

புவியியலும் இவ்வாறே உயிரற்றுக் கிடக்கின்றது. நீண்டு ஒடுங்கிய மணற்றீவு, பனை, ஆழமற்ற கடல், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் மணல் திட்டுகள் என்று பட்டியல் முடிந்துவிடும். இந்நிலமும் கடலும் மனித உழைப்பை எவ்வாறு வகுத்தன என்பதே நாம் கேட்க வேண்டியது. தெற்கே கடலடியிற் கிடந்த பார்கள் முத்துச் சிப்பியைத் தந்தன. அவை குளியாளரை ஈர்த்தன. இந்தியக் கரையின் அண்மை இத்தீவைக் கூலி உழைப்பின் வாயிலாக்கியது.

முத்துச் சலாபத்தைப் பாருங்கள். கல்லின் துணையால் ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கிச் சிப்பி அள்ளினான் குளியாளன். ஆங்கிலேயர் ஆட்சியில் அச்சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்கு உரியதன்று. 1906இல் அரசு இத்தொழிலையே ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வறண்டன. அதே 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்திற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1961இல் வெளிவந்த தமது தன்வரலாற்றுப் பகுதியில் அதனை விவரித்துள்ளார். பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்த நேர்மையாளர் அவர். அவரும் அரபுக் குளியாளரின் நிமிர்வையும் தமிழரின் பணிவையும் இனக்குணங்கள் போல ஒப்பிட்டுச் செல்கின்றார். அப்பணிவுக்குப் பின்னால் சாதியும் கடனும் நின்றதை அதிகாரியின் நாற்காலியிலிருந்து காண்பது அரிது. அந்நாற்காலியில் அமராத நாமும் அதைக் காணாதிருப்பதற்கு என்ன நியாயம்?

தலைமன்னாரும் அவ்வாறே. 1914இல் தனுஷ்கோடிக்குக் கப்பற்சேவை தொடங்கியதை மலர்கள் பெருமையோடு குறிக்கின்றன. அதற்குப் பல்லாண்டு முன்பே தமிழகத்து ஏழைகள் இக்கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாடு நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். கடல் கடந்து தேயிலைத் தோட்டம் சென்ற அம்மக்களின் துயரைப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ காட்டியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பாட்டன் வந்திறங்கிய துறையிலேயே பேரன் கப்பலேற்றப்பட்டான். மன்னாரின் வரலாற்றில் இதற்கு ஒரு பந்தியேனும் வேண்டாமா?

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு மலரும் தன் சமூகத்தின் காயத்தை மட்டும் நினைவுகூர்கின்றது. 1544இல் சங்கிலி மன்னன் கொல்வித்த கத்தோலிக்கரைத் தேவாலய மலர் கூறும். கோயில் மலர் கூறாது. போர்த்துக்கேயர் காலத்தில் திருக்கேதீச்சரம் அழிந்ததைக் கோயில் மலர் கூறும். தேவாலய மலர் விரைந்து கடந்துவிடும். 1990 ஒக்டோபர் இறுதியில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளை இழந்ததைக் கூறும் பொறுப்பு முஸ்லிம்களிடமே விடப்பட்டுள்ளது.

இங்கே மொழியைக் கவனியுங்கள். ‘ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர்’ என்பதில் எழுவாய் தெளிவாக நிற்கின்றது. ‘1990இல் முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்’ என்ற வாக்கியத்தில் செய்தவன் மறைந்து, துன்புற்றவனே தன் துன்பத்துக்கு எழுவாயாகின்றான். விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேரை வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு அனுப்பப்பட்டனர். இதுவே முழு வாக்கியம். 1984 டிசம்பரில் மன்னாரில் இராணுவம் பொதுமக்களைக் கொன்றதை ‘அசம்பாவிதம்’ என்று எழுதுவதும் இதே இலக்கணப் பிழைதான். அரசு செய்தால் எழுவாயைத் தேடுவதும், நம்மவர் செய்தால் அதை ஒளிப்பதும் முற்போக்கு ஆகாது.

நல்ல முன்மாதிரி நமக்கு இல்லாமலில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாட்டுப் பாடல்களையும் நாட்டுக்கூத்துக்களையும் பதிப்பித்தபோது, உழைக்கும் மக்களின் குரல் அச்சேறியது. கடல் கடந்தும் ஒரு முன்மாதிரி உண்டு. செக்கொசுலோவாக்கியா 1920இல் ஒவ்வோர் ஊராட்சியும் ஊர்க் குறிப்பேடு ஒன்றைப் பேண வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. இன்றும் செக் நாட்டில் அக்கடமை நீடிக்கின்றது. சில நூறு பேர் வாழும் சிற்றூரும் தன் ஆண்டு நிகழ்வுகளைப் பதிந்து வைக்கின்றது. மன்னரோ தளபதியோ காலடி வைக்காத ஊருக்கும் வரலாறு உண்டு என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

நம் வகுப்பறைகளில் குளியாளனின் பேரனும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளியின் மகளும், புத்தளத்திலிருந்து மீண்ட குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரலாம். அம்மூவரும் தலைகுனியாமல் உரத்து வாசிக்கக்கூடிய ஊர் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அதை எழுதும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது. மாணவரை முதியோரிடம் அனுப்புவோம். கேட்டதை எழுதச் செய்வோம். எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் எங்கே என்று கேட்போம்.